மழலையரைத் தாமே ஆடவிட்ட மாண்டிசோரி அம்மையார்

இத்தாலி நாட்டின் தலைநகராம் ரோமாபுரியில் பிஞ்சோ என்னும் பூங்கா ஒன்று உண்டு. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அங்கே தரையில் அமர்ந்திருந்தது. கையில் சிறியதொரு மண்வாரி. எதிரே சிறியதொரு வாளி. சரளைக் கற்களை அள்ளி அள்ளி அவ்வாளியை நிரப்புவதில் அது முழுமூச்சாய் ஈடுபட்டிருந்தது. அருகில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செவிலி ஒருத்தி நல்லுடை உடுத்து நின்றிருந்தாள். வீடு திரும்பும் வேளை வந்தது. அவள் பன்முறை கனிவாய் அழைத்தாள். குழந்தை அசைவதாக இல்லை. ஈற்றில் அவளே குனிந்து, வாளியைக் கற்களால் மளமளவென்று நிரப்பினாள். பிறகு வாளியையும் குழந்தையையும் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தாள். குழந்தை விரும்பியதைக் கொடுத்துவிட்டோம் என்னும் மனநிறைவு அவளுக்கு. குழந்தையோ வீறிட்டு அழுதது.

இக்காட்சியைக் கண்டு நின்றவர் ஒரு பெண் மருத்துவர். செவிலி கெட்டவள் அல்லள் என்பதை அவர் அறிவார். அவள் அன்புடையவள், பொறுமையும் உடையவள். ஆனால் அக்குழந்தைக்கு வேண்டியிருந்தது நிறைந்த வாளி அன்று. நிரப்பும் வேலையே வேண்டியிருந்தது. நிறைந்ததும் அதைக் கொட்டிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். கண்ணும் கையும் ஒன்றுகூடிப் பழகும் அந்த இன்பத்தை அன்பினாலேயே பறித்துவிட்டாள் செவிலி. பின்னாளில் தாம் எழுதிய நூலில் இந்நிகழ்ச்சியை மறவாமல் குறித்துவைத்த அம்மருத்துவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

செவிலி என்றதும் செல்வர் வீட்டுச் செய்தி என்று பெற்றோர்கள் எண்ணிவிட வேண்டா. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட தாய்மார்கள் உறக்கம் கலையாத குழந்தைகளைத் தோளில் சுமந்து சென்று ஆயாக்கொட்டகையில் விட்ட காலத்தைத் தோட்டப்புறத்துப் பெரியோர்கள் நன்கறிவர். பத்து இருபது பிள்ளைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்வார். தொட்டிலில் ஒன்று அழும். மணலில் ஒன்று சிரட்டை வைத்து ஆடும். தாத்தா பாட்டியிடமோ, குழந்தைப் பராமரிப்பு இல்லத்திலோ பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார் இன்றும் உளர். பார்த்துக்கொள்பவர் குழந்தையோடு எந்நேரமும் உடனிருந்து ஆட வேண்டுமா? தனியே ஆட விட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாமா? எது வரையில் விடலாம்? எங்கே கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்? இவ்வினாக்களுக்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் என்பதால்தான் அம்மையாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம்.

மரியா மாண்டிசோரி 1870 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 ஆம் நாள் இத்தாலியின் கிழக்குக் கரையில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாண்டிரோ அரசாங்க அலுவலர். தாயார் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிக்கும் பெண்மணி. மரியா சிறுமியாய் இருக்கும்போதே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பதின்மூன்றாம் வயதில், ஆண்பிள்ளைகளே மிகுதியாகப் பயின்ற தொழில்நுட்பப் பள்ளியில் அவர் சேர்ந்தார். முதலில் பொறியியல் கற்க எண்ணினார். பின்னர் மருத்துவமே தம் வழியெனத் துணிந்தார். தந்தைக்கு இதில் உடன்பாடு இல்லை. தாயே மகளுக்குத் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் அவர் பட்ட இன்னல்கள் பல. ஆடவரோடு ஒரே அறையில் ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பயில்வது தகாது என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே மற்ற மாணவர்கள் சென்ற பின், மாலை நேரத்தில் அவர் மட்டும் தனித்திருந்து அப்பயிற்சியைச் செய்ய வேண்டியிருந்தது. நம் மாணவியர் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். 1896 ஆம் ஆண்டில் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் சில பெண்களுள் அவர் ஒருவர்.

பட்டம் பெற்ற பின் மனநோய் மருத்துவமனையில் உதவி மருத்துவராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் மனநோயாளரோடு சேர்த்தே அடைத்துவைப்பர். அத்தகைய விடுதி ஒன்றில் அவர் கண்டதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வெறும் சுவர்கள் நான்கு. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவும் ஒரு பொருள் இல்லை. உணவு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கிவிடுவர். பார்த்துக்கொண்டிருந்த பணிப்பெண் அதைப் பெருந்தீனி என்று கூறி முகம் சுளித்தாள். மருத்துவரோ உற்றுப் பார்த்தார். அப்பிள்ளைகள் துணுக்குகளை உண்பதைவிட உருட்டியும் நசுக்கியும் பார்ப்பதிலேயே நாட்டம் கொண்டிருந்தனர். வயிற்றுப் பசியைவிடக் கையின் பசியே அங்குப் பெரிதாயிருந்தது.

இடார், செகுவான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் இத்தகைய பிள்ளைகளுக்காக முன்பே செய்திருந்த ஆராய்ச்சிகளை அவர் தேடிப் படித்தார். தொட்டும் பொருத்தியும் அடுக்கியும் கற்கும் கருவிகளைச் செய்வித்தார். காலை முதல் இரவு வரை பிள்ளைகளோடு உழைத்தார். அவர்களுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, பொதுப் பள்ளி மாணவர்களுக்குரிய தேர்விலும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையார் வியந்தது வேறொன்றைக் குறித்து. குறைபாடுடைய பிள்ளைகளே இவ்வளவு செய்ய இயலுமாயின், நலமுடைய பிள்ளைகள் ஏன் இந்த அளவில் நின்றுவிடுகின்றனர்? அவர்களை எது தடுக்கிறது?

இவ்விடத்தில் அவருடைய தனிவாழ்வின் துயரம் ஒன்றையும் கூறவேண்டியுள்ளது. 1898 ஆம் ஆண்டில் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. குழந்தையை உடன் வைத்துக்கொண்டால், அக்காலச் சமுதாயத்தில் அவர் தம் பணி அனைத்தையும் துறக்க நேரிட்டிருக்கும். ஆதலால் மாரியோ நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தான். பெற்றவர் அவ்வப்போது சென்று பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ஊரார் பிள்ளைகளைப் பற்றி உலகுக்கே எடுத்துரைத்தவர், தம் பிள்ளையின் முதல் அடியையும் முதற் சொல்லையும் அருகிருந்து அறியவில்லை. ஏறத்தாழப் பதினைந்தாம் வயதில்தான் மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தான்.  வயிற்றுப்பாட்டுக்காகக் குழந்தையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்கு நடந்த தாய்மார்களுக்கு, அவருடைய மனநிலையை நாம் விளக்க வேண்டியதில்லை.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் பகுதி ஏழைத் தொழிலாளர் குடியிருப்பாகும். பாதியில் நின்றுபோன கட்டடங்களில் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. கட்டட நிறுவனம் ஒன்று அவற்றைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டது. பெற்றோர்கள் வேலைக்குச் சென்றதும், பள்ளிக்குச் செல்லும் வயதடையாத சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடியாடிப் புதுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவர்களை மீண்டும் மீண்டும் பழுதுபார்ப்பதைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துக் கவனித்துக்கொள்வது செலவு குறைந்தது என நிறுவனத்தார் கணக்கிட்டனர். அப்பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. உலகப் புகழ்பெற்ற கல்விமுறை ஒன்று, சுவருக்குச் சுண்ணாம்படிக்கும் செலவை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் பிறந்தது என்பதைப் படிக்கும்போது நமக்கு நகைப்புத்தான் வருகிறது.

1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் அவ்வில்லம் திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்பது அதன் பெயர். மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் அங்குச் சேர்ந்தனர். பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூய்மையாக அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒரு முறையேனும் வந்து பொறுப்பாளரிடம் பேச வேண்டும் என்பன விதிகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண். ஏறக்குறைய நம் ஆயாவைப் போன்றவர் என்றே கொள்ளலாம். பல்கலைக்கழகத்திலும் பணி இருந்ததால் அம்மையார் நாள் முழுதும் அங்கிருக்க இயலாது. ஆகையால் கருவிகளைப் பயன்படுத்தும் வகையை அப்பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்து, பிள்ளைகள் அவற்றைக் கையாளும்போது குறுக்கிட வேண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சில மாதங்களில் அங்கு நிகழ்ந்தவை எவரும் எதிர்பாராதவை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பல அளவினவான மர உருளைகளை அவற்றுக்குரிய துளைகளில் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் மீண்டும் தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிநின்று பாடச் செய்தார்; சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, யாரும் நிறுத்தச் சொல்லாமல் தானே நிறுத்தினாள். களைத்த முகத்தோடு அல்ல. நன்றாய் உறங்கி விழித்தவள்போல் முகம் மலர்ந்திருந்தாள். சிறு குழந்தைக்கு எதிலும் மனம் ஊன்றாது என்று எத்தனை முறை நாம் சொல்லியிருக்கிறோம்!

மற்றொரு நாள் பொறுப்பாளர் வரத் தாமதமாயிற்று. முதல் நாள் அவர் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தபோது பிள்ளைகளே கதவைத் திறந்து, தத்தமக்கு வேண்டிய கருவியை எடுத்துவைத்து வேலையில் ஆழ்ந்திருந்தனர். அவர் அதைக் களவென்று கருதினார். அம்மையாரோ பிள்ளைகளுக்குத் தாமே தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என்று கண்டார். பூட்டிய உயர்ந்த அலமாரிகள் போய், பிள்ளைகளின் கைக்கெட்டும் திறந்த தாழ்வான அடுக்குகள் வந்தன. சிறுவர் தாமே தூக்கக்கூடிய மெல்லிய மேசை நாற்காலிகளும் வந்தன. உடையக்கூடிய பீங்கான் தட்டுகளையே பிள்ளைகளிடம் கொடுத்தார். தகரத் தட்டு கீழே விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆதலால் குழந்தை கவனமாய் நடக்கக் கற்காது. பீங்கான் உடைந்தால் அதுவே ஆசிரியர். நம் வீடுகளில் இதைச் செய்ய எத்தனை தாய்மார் துணிவர் என்பது வேறு செய்தி.

பார்த்துக்கொள்பவர் எவ்வளவு உதவலாம் என்பதற்கு அவர் காட்டும் நிகழ்ச்சி ஒன்று எங்கள் உள்ளத்தைத் தொட்டது. ஒரு தொட்டி நீரில் பொம்மைகள் மிதந்தன. பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்று சிரித்துக் களித்தனர். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் பின்னால் தனியே நின்றான். கூட்டத்தை விலக்கப் பார்த்தான், வலிமை போதவில்லை. நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு சிறிய நாற்காலி கண்ணில் பட்டது. அதைக் கொண்டுவந்து போட்டு ஏறி நின்று பார்க்கலாம் என்னும் எண்ணம் உதித்ததும் அவன் முகம் ஒளிர்ந்தது. நாற்காலியை நோக்கி நடந்தான். அந்த நொடியில் ஆசிரியை அவனை வாரித் தூக்கி, மற்றவர்களின் தலைக்கு மேலாகப் பொம்மைகளைக் காட்டினார். சிறுவன் பொம்மைகளைக் கண்டான். ஆனால் அவன் முகத்திலிருந்த ஒளி அணைந்துவிட்டது. தானே ஒரு தடையை வெல்லப் போகிறோம் என்றிருந்த அவன் மகிழ்ச்சிக்கு ஈடாக, பிறர் தூக்கிக் காட்டும் பொம்மைகள் எம்மாத்திரம்?

இதைக் கேட்டு, குழந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசலாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. அம்மையார் வகுத்த சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. பிறரைத் துன்புறுத்துவதும், பொருளை வேண்டுமென்றே பாழாக்குவதும், முரட்டுத்தனமும் உடனே தடுக்கப்பட வேண்டியவை. பயனுள்ள செயல் எதுவாயினும் அதைத் தடுக்கலாகாது. அருகிருந்து கவனிக்க வேண்டும். கவனித்தல் என்பதை அவர் கடினமான தொழிலாகவே கருதினார். எப்பொழுது அருகில் செல்வது, எப்பொழுது வாய்மூடி நிற்பது என்று ஒவ்வொரு கணமும் அறிந்திருக்க வேண்டும். கையை நீட்டி உதவுவதைவிடக் கையை அடக்கி நிற்பதற்கே பயிற்சி மிகுதியாக வேண்டியிருந்தது. அதனால் ஆசிரியை என்று அழையாமல் நெறியாளர் என்றே அவர்களை அழைத்தார்.

அம்மையார் கூறியவை அனைத்தும் எமக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டோம். செல்வர்கள் அனுப்பிய விலையுயர்ந்த பொம்மைகளைப் பிள்ளைகள் விரும்பாமல் கருவிகளையே நாடியதைக் கண்ட அவர், பிள்ளைகளின் ஈடுபாட்டை விளையாட்டு என்று கூறாமல் வேலை என்றே குறிப்பிட்டார். கற்பனைக் கதைகளிலும் பாவனை விளையாட்டுகளிலும் சிறு குழந்தைகளுக்கு அவர் மிகுதியாக இடம் தரவில்லை. 1914 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் இக்குறையைச் சுட்டிக்காட்டி நூல் எழுதினார். ரப்பர்க் கொட்டைகளை ஆட்டு மந்தையாக்கி ஓட்டிச் சென்ற பிள்ளைகளையும், சிரட்டையில் மண்சோறு பொங்கி ஊருக்கே விருந்து வைத்த பிள்ளைகளையும் கண்ட நமக்கு, அதுவும் உயர்ந்த கல்வியாகவே படுகிறது. பாட்டியின் கதையை விட்டுக்கொடுக்கவும் நமக்கு மனம் வராது. ஆயினும் ஒன்று. அந்த ரப்பர்க் கொட்டை ஆட்டத்தையும் எந்த ஆயாவும் கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாமே படைத்துக்கொண்டனர்.

1909 ஆம் ஆண்டில் தம் முறையை அவர் நூலாக வெளியிட்டார். பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. 1913 இல் அமெரிக்கா சென்றார். 1915 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. வெளியே மக்கள் கூடிநின்று பார்க்க, உள்ளே பிள்ளைகள் தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர். இத்தாலியில் முசோலினி முதலில் அவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தார். ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படியும் படைவீரரை உருவாக்க விரும்புவோருக்கும், தாமே சிந்திக்கும் பிள்ளைகளை வளர்க்க விரும்புவோருக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934 ஆம் ஆண்டில் அங்குள்ள மாண்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்தார். 1936 இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூளவே, ஹாலந்து நாட்டை அடைந்தார்.

அங்கிருந்து அவரைத் தமிழ் மண்ணுக்கு அழைத்தவர்கள் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியும் ஆவர். 1939 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அறுபத்தொன்பதாம் வயதில், அம்மையார் மாரியோவுடன் சென்னை வந்து இறங்கினார். அடையாற்றில் ஓலை வேய்ந்த குடில்களில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் வந்து பாயில் அமர்ந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார்.

சில மாதங்களே தங்குவதாக இருந்தது. 1940 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த இந்தியாவில் இத்தாலியர்கள் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ அகமது நகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றுச் சபை வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என்று ஆணை பிறந்தது. குழந்தையாய் இருந்தபோது பிரிந்திருந்த மகனை முதுமையில் மீண்டும் பிரிந்தார். ஆகஸ்டு 31 ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனையே விடுவித்து அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. அதுவரை உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றும் உலகுக்குச் சொல்லப்பட்டுவந்த மாரியோவை, அரசாங்கத்தின் தந்தி ஒன்று மகன் என்றே குறிப்பிட்டது.

போர்க்காலத்தில் 1942 முதல் ஈராண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்குப் பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சிறு பள்ளி நடத்தினார். இலைகளையும் பூச்சிகளையும் கற்களையும் பிள்ளைகள் தாமே திரட்டிவந்து கற்றனர். 1944 இல் இலங்கைக்கும் சென்று பயிற்சி அளித்தார். இந்தியத் தாய்மார்கள் இடுப்பில் குழந்தையைச் சுமந்து சந்தைக்கும் கிணற்றடிக்கும் செல்வதை அவர் கூர்ந்து கவனித்தார். தாயோடு எங்கும் செல்லும் குழந்தை அரிதாகவே அழுகிறது என்றும், பேச்சையும் பழக்கவழக்கத்தையும் யாரும் கற்பிக்காமலே உள்வாங்கிக்கொள்கிறது என்றும் கண்டார். அக்காலத்துச் சொற்பொழிவுகளிலிருந்து பிறந்த நூல், உள்வாங்கும் மனத்தைப் பற்றியது, 1949 ஆம் ஆண்டில் அடையாற்றிலேயே முதலில் அச்சாயிற்று.

1946 இல் ஐரோப்பா திரும்பிய அவர், மீண்டும் இந்தியாவுக்கு வந்து 1949 வரை பணியாற்றினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. பிற்காலத்தில், 1990 ஆம் ஆண்டில், இத்தாலி அரசு ஆயிரம் லீராத் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. தாளின் மறுபுறத்தில் குழந்தைகள் படிக்கும் காட்சி இருந்தது. லீரா வழக்கொழிந்து யூரோ வரும்வரை இத்தாலியத் தொழிலாளரின் சட்டைப்பையில் அம்மையார் இருந்தார்.

1952 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள் ஹாலந்தின் நோர்ட்வைக் என்னும் கடலோர ஊரில் தங்கியிருந்தார். வயது எண்பத்தொன்று. ஆப்பிரிக்கா சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது பற்றி மாரியோவுடன் பேசிக்கொண்டிருந்தார். உடல்நிலை இடந்தராது என்று மற்றவர்கள் தடுத்தனர். அன்றே அவர் உயிர் பிரிந்தது. எங்கு இறக்க நேர்ந்தாலும் அவ்விடத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆகவே இத்தாலிக்குக் கொண்டுசெல்லாமல் நோர்ட்வைக் ஊரின் சிறிய கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். தம் உடைமைகளையும் பணிகளையும் மாரியோவிடம் ஒப்படைத்து அவர் எழுதிவைத்திருந்த உயிலில், மாரியோவைத் தம் மகன் என்றே எழுதியிருந்தார்.